நாற்பத்து மூன்று தாள்களின் சாட்சி

கோந்துக்காரர் அன்றைக்குத் தப்பான செடியைப் பிடுங்கியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. பக்கத்தில் முளைத்த ஏதோ ஒரு பூண்டைப் பிடுங்கி, காயவைத்து, இடித்து மகளுக்குக் கொடுத்திருப்பார். அவளும் நாலு நாள் தேனில் குழைத்து நக்கிவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று தூக்கி எறிந்திருப்பாள். ஆனால் அவர் முப்பத்தொரு வருஷம் செடிகளோடு குப்பை கொட்டியவர். தப்பான செடியைப் பிடுங்க அவருக்குத் தெரியாது. சரியான செடியைத்தான் பிடுங்கினார்.

அவர் வேலை பார்த்த ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு லட்சம் செடிகள் இருந்தன. ஒன்றுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எல்லாம் செத்துக் காய்ந்து, தட்டையாகி, தாளில் ஒட்டப்பட்டு, இரும்பு அலமாரிகளில் பூச்சி உருண்டை வாசனையோடு அடுக்கி வைக்கப்பட்டவை. காடு மேடெல்லாம் அலைகிற ஆராய்ச்சிக்காரர்கள் செடியைப் பறித்து, செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்திக் காயவைத்து, கட்டுக் கட்டாக அனுப்புவார்கள். அதைப் பிரித்து, தடித்த வெள்ளைத் தாளில் இலையும் பூவும் தெரிகிற மாதிரி பரப்பி, கோந்து தடவி ஒட்ட வேண்டும். தண்டு கனமாக இருந்தால் ஊசி நூலால் தைக்க வேண்டும். உதிர்ந்த விதையைப் பொட்டலமாக மடித்து ஓரத்தில் ஒட்டி, வலது பக்கக் கீழ் மூலையில் விவரச் சீட்டை ஒட்டி, மேலே மணல் பையை ஏற்றி வைக்க வேண்டும். இதுதான் அவர் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் 'கோந்து'. வயதில் சின்னவர்களுக்கு 'கோந்து அண்ணே'.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன மனுஷர். வந்த புதிதில் இலத்தீன் பெயர்கள் எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரிந்தன. பத்து வருஷத்தில் எறும்புகள் எழுத்தாகின. இருபது வருஷத்தில், புதிதாக வந்த பட்டதாரிகள் ஒரு காய்ந்த கொடியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிக்கும்போது, இவர் இலை நரம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மூணாவது வரிசை, கீழ்த் தட்டு, அங்க போய்த் தேடுங்க" என்பார். அங்கேதான் இருக்கும். அவர்கள் அதைக் கண்டுபிடித்ததாகத் தங்கள் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். அதையும் இவர்தான் ஒட்டுவார். ஒரு தாளில் பறித்தவர் பெயருக்கு இடமுண்டு, அடையாளம் சொன்னவர் பெயருக்கு இடமுண்டு. ஒட்டியவர் பெயருக்கு இடம் கிடையாது. இதை யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை, அவர் உட்பட.

அந்தக் கூடத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. யார் என்ன சொன்னாலும், "தாள் எங்கே?" என்றுதான் கேட்பார்கள். இன்ன செடி இன்ன இடத்தில் வளர்கிறது என்று எவ்வளவு பெரிய கொம்பன் வந்து சொன்னாலும் செல்லாது. அங்கே பறித்த தாள் ஒன்று இருந்தால் பாதி நம்புவார்கள். ஒருவரையொருவர் பார்த்தே இராத பத்துப் பேர், பத்து வெவ்வேறு வருஷத்தில் பறித்த பத்துத் தாள் இருந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. செடியின் இருப்பிடத்துக்கு இது நல்ல சட்டம். ஆனால் முப்பத்தொரு வருஷம் அதே காற்றைச் சுவாசித்த மனுஷனுக்கு, உலகத்தில் எல்லா உண்மையும் அப்படித்தான் நிரூபணமாகிறது என்ற நினைப்பு வந்துவிட்டது.

மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது அவர் மனைவி இரண்டாவது பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது, பன்னிரண்டாம் நாள் எல்லாம் முடிந்தது. "வயிறு சுத்தமாகலை" என்று ஆஸ்பத்திரியில் ஒரே வார்த்தையில் சொன்னார்கள். அதற்கு மேல் யாரும் விளக்கவில்லை. அவருக்கும் கேட்கத் தெரியவில்லை. கையில் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அடுத்த வருஷம் பெருமழையில் கூடத்தின் கூரை ஒழுகி ஓர் அலமாரி நனைந்தது. ஈரம் பட்ட கட்டுகளைப் பிரித்து உறை மாற்றுகிற வேலை இவர் தலையில் விழுந்தது. அதில் ஒரு கட்டின் மேல் 'அரிஸ்டலோகியா' என்று எழுதியிருந்தது. ஒரே சாயலுள்ள செடிகளை ஒன்றாகச் சேர்த்துப் பேரினம் என்பார்கள். அப்படி ஒரு பேரினத்தின் பெயர் அது. ஜனங்கள் ஆடுதீண்டாப்பாளை என்று சொல்கிற கொடி அதில் ஒன்று. இலை இருதய வடிவம். பூ ஒரு விநோதம்: அடியில் உருண்டையாக உப்பி, மேலே குழாயாக நீண்டு, வாயில் கறுஞ்சிவப்பு நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். உள்ளே போன பூச்சியை ஒரு நாள் அடைத்து வைத்துத்தான் வெளியே விடும்.

அப்போது தலைமையில் இருந்த பெரியவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். "இந்தப் பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமாய்யா? கிரேக்கச் சொல்லு. பிரசவத்துக்கு மிகச் சிறந்ததுன்னு அர்த்தம். ரெண்டாயிரம் வருஷமா இதே பேருதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கோந்துக்காரர் கையில் கோந்துத் தூரிகையோடு அப்படியே நின்றார்.

அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. ஒவ்வொரு தாளாகச் சீட்டைப் படித்தார். பறித்த இடம், தேதி, மண், பூவின் நிறம், கடைசியில் 'பயன்' என்று ஒரு வரி. சிலவற்றில் காய்ச்சல், சிலவற்றில் பாம்புக்கடி, சிலவற்றில் வயிற்றுப் பூச்சி. மீதியில் திரும்பத் திரும்ப ஒரே சங்கதி. 'பிள்ளை பெற்றவளுக்கு வேரை அரைத்துக் கொடுக்கிறார்கள்.' 'நஞ்சுக்கொடி விழக் கொடுப்பது.' 'பேறுகாலத்துக்குப் பின் வயிற்று வலிக்கு.' 'பெண்களுக்கு, தேனில் அரைக் கரண்டி.' எண்ணிப் பார்த்தார். நாற்பத்து மூன்று தாள். முதல் தாள் நூற்றுப் பதினைந்து வருஷப் பழசு. கடைசித் தாள் போன வருஷம் வந்தது, ஒட்டியவர் இவரேதான். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த அதே மாதம் ஒட்டியிருக்கிறார். சீட்டைப் படிக்காமல் ஒட்டியிருக்கிறார்.

இந்த மருந்து தன் மேஜையிலிருந்து இருபதடி தூரத்தில் இருக்க, தன் வீட்டுக்காரியைச் சாக விட்டோமே என்று அந்த மனுஷர் இருபத்திரண்டு வருஷம் உள்ளுக்குள்ளேயே குமைந்தார். ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சீட்டையும் அவர் படிக்காமல் ஒட்டியதில்லை.

மகள் வளர்ந்தாள், படித்தாள், அஞ்சல் அலுவலகத்தில் வேலைக்குப் போனாள், கல்யாணமாயிற்று, இருபத்தாறு வயதில் ஒரு பெண் குழந்தை பெற்றாள். கஷ்டமான பிரசவம். ஒரு மாதம் ஆகியும் அடிவயிற்று வலி போகவில்லை, உடம்பு தேறவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். அந்த 'ஒண்ணுமில்ல'வைக் கோந்துக்காரர் நம்பவில்லை. ஒரு தடவை ஏமாந்தவர் அவர்.

சரக்கு ரயில் போகிற பாதையோரம் அந்தக் கொடி படர்ந்து கிடப்பதை அவர் எப்போதோ பார்த்து வைத்திருந்தார். போய் வேரோடு பிடுங்கி வந்தார். அவசரப்படவில்லை. ஒரு கிளையை முறைப்படி அழுத்திக் காயவைத்து, பழைய தாள்களோடு இலையை, பூவை, காயை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். அதோடும் விடாமல் இப்போதைய தலைமை மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினார்.

மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அதேதான் அண்ணே. சந்தேகமே இல்ல. எங்க கெடச்சுது?"

"ரயில் பாதையோரம் கெடந்துது மேடம். சும்மா, சரிபாத்துக்கலாம்னு."

எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், மேடமும் பதறித் தடுத்திருப்பார். மேடம் கேட்கவில்லை. ஊழியர் ஒருவர் செடியைச் சரிபார்க்க வருவது அங்கே அன்றாடம் நடப்பதுதான்.

வேரை நிழலில் உலர்த்தி, மிக்ஸியில் பொடித்து, துணியில் சலித்து, மூடி இறுகிய டப்பா ஒன்றில் போட்டு மகளிடம் கொடுத்தார். நாற்பத்து மூன்று சீட்டில் ஒன்றே ஒன்றில்தான் அளவு போட்டிருந்தது. அதன்படி காலையில் அரைக் கரண்டி, தேனில்.

மகள் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "என்னப்பா இது, இப்படி நாறுது?"

"நாறினா நாறட்டும். நூத்தி முப்பது வருஷத்து ஆதாரம் இருக்கு இதுக்கு. கண்ண மூடிட்டு முழுங்கு."

ஆடு எதையும் விட்டு வைக்காது, சுவரொட்டியைக்கூடக் கிழித்துத் தின்னும். அந்த ஆடே தீண்டாது என்று ஒரு கொடிக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனவர்கள் ஏதோ பார்த்துத்தானே வைத்திருப்பார்கள்? நாளெல்லாம் பெயர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு இந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது. கிரேக்கத்தில் இருந்த பெயரை நம்பினார். தன் வாயில் தினமும் புழங்கிய பெயரை ஒரு தடவைகூட யோசித்துப் பார்க்கவில்லை.

மூன்றே வாரத்தில் வலி நின்றுவிட்டது. எப்படியும் அது நிற்கிற நேரம்தான்; ஆனால் பேர் பொடிக்குப் போயிற்று. மகள் பசி எடுத்துச் சாப்பிட்டாள், சிரித்தாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். "எங்கப்பா ஆராய்ச்சிக் கூடத்துல இருக்காரு, அங்கேர்ந்து எடுத்துட்டு வந்த மருந்து" என்று அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள். கோந்துக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் கண்டதை ஒட்டிக்கொண்டிருந்தவர், முதல் தடவையாகத் தன் கையால் ஓர் உயிரைக் காப்பாற்றியதாக நினைத்தார். செத்துப்போன மனைவிக்குச் செய்ய முடியாததை மகளுக்குச் செய்துவிட்டதாக நினைத்து ஒருநாள் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழவும் செய்தார். உடம்பு இன்னும் நன்றாகத் தேறட்டும் என்று ஏழு மாதம் கொடுத்தார். ஆறாவது மாதம் புதிதாக இன்னொரு டப்பா பொடித்துக் கொடுத்தார். அதில் பாதிக்கு மேல் மீந்துவிட்டது.

ஒரு வருஷம் கழித்து மகளுக்கு முகம் வெளுத்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. காலையில் குமட்டல், உடம்பெல்லாம் அரிப்பு. இரண்டாவது குழந்தையோ என்று புருஷன்காரன் ஆசையாகக் கேட்டான். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே படம் எடுத்தார்கள். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிச் சின்னதாகிக் கிடந்தன.

பெரிய டாக்டர் கட்டிலருகே நின்று கேட்டார். "சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல. இவ்வளவு சின்ன வயசுல ஏன் இப்படின்னு புரியல. நாட்டு மருந்து, வேர், லேகியம்னு எதாவது சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்ல சார்" என்றாள் மகள்.

பக்கத்தில் நின்ற கோந்துக்காரரும், "அதெல்லாம் எங்க வீட்ல பழக்கமே இல்ல சார்" என்றார்.

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவர்கள் கணக்கில் நாட்டு மருந்து என்றால் சந்தையில் குந்தி உட்கார்ந்து வேர் விற்கிறவனிடம் வாங்குவது. இது அப்படியா? ஆராய்ச்சிக் கூடத்தில் தாளைப் பார்த்து, பூவை ஒப்பிட்டு, தலைமை மேடமே உறுதி செய்த செடி. அந்தக் கேள்விக்கும் தங்கள் பொடிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்பனுக்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை.

வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கிற இயந்திரத்தோடு மகளைக் கட்டிப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். இடது கையில் நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டாள். கோந்துக்காரர் தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று ஓடினார். அவருக்குச் சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரிந்தது, கூடாது என்றுவிட்டார்கள். மருமகனுக்கு ரத்த வகை ஒத்துவரவில்லை. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள்.

இப்படி ஐந்து மாதம் போயிற்று. ஒரு நாள் காலை, வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிக்காரி அனுமதிக் கடிதத்தோடு கூடத்துக்கு வந்தாள். அரிஸ்டலோகியா கட்டு முழுவதும் வேண்டும், சில தாள்களிலிருந்து இலைத் துணுக்கு எடுக்க வேண்டும் என்றாள். மேடம், "கோந்து அண்ணன் எடுத்துக் குடுப்பாரு" என்று சொல்லிவிட்டார்.

கட்டைத் தூக்கி மேஜையில் வைத்த கோந்துக்காரருக்குக் கொஞ்சம் பெருமை. கவலைக்கு நடுவிலும் பெருமை விட்டுப் போகிறதா என்ன? "நல்ல மூலிகைம்மா இது. பேரே பிரசவத்துக்குச் சிறந்ததுன்னு அர்த்தம். நாப்பத்தி மூணு தாள்ல எழுதியிருக்காங்க" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நாப்பத்தி மூணா? எண்ணியே வெச்சிருக்கீங்களாண்ணே? அதுக்குத்தான் நானும் வந்திருக்கேன். இவ்வளவு எடத்துல சாப்பிட்டிருக்காங்கன்னா எவ்வளவு பேர் செத்திருப்பாங்கன்னு பாக்கணும்."

"என்னம்மா சொல்றீங்க?"

"இது சிறுநீரகத்தச் சாப்பிட்டுடும்ணே. உடனே தெரியாது. வலி நிக்கும், நல்லாக்கூட இருக்கும். ஒரு வருஷம் ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா ரெண்டும் சுருங்கிக் கெடக்கும். சில பேருக்குப் புற்றுநோயும் வரும். நெறைய நாடுகள்ல தடை பண்ணிட்டாங்க."

"நூறு வருஷத்துக்கு மேல எழுதியிருக்காங்களேம்மா. ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்க."

"குடுக்கறாங்கன்னு எழுதியிருக்காங்க. குடுத்தப்புறம் அந்தப் பொண்ணுங்க என்ன ஆனாங்கன்னு யாராவது திரும்பிப் போய்ப் பாத்து எழுதியிருக்காங்களா? செடியப் பறிச்சுக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பாங்க." அவள் ஒரு தாளைத் தன் பக்கம் இழுத்து, பூவைக் காட்டினாள். "இதப் பாருங்க. அடியில உருண்டை, மேல குழாய். அந்தக் காலத்துல பாத்தவனுக்குக் கருப்பையும் புள்ள வர்ற பாதையும் மாதிரி தெரிஞ்சிருக்கு. அதனால பிரசவத்துக்கு ஆகும்னு முடிவு பண்ணிட்டான். பேரும் வெச்சுட்டான். இதுக்குன்னு வேற ஆதாரம் பெருசா ஒண்ணும் கெடயாது."

கோந்துக்காரர் அந்தத் தாளை வாங்கி உறைக்குள் வைத்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இதச் சாப்பிட்டிருக்காங்களா அண்ணே? இருந்தா சொல்லுங்க, உடனே ரத்தம் பாக்கணும்."

"இல்லம்மா. கேள்விப்பட்டதுதான்" என்றார்.

அது பொய். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அவர் சொன்னதும், சொல்லாமல் விட்டதும் பொய். மீதி நாள் முழுக்க அந்தப் பெண் கேட்ட தாளையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். சாயங்காலம் கட்டைத் திரும்பக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் நேராக மகள் வீட்டுக்குப் போனார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார், அதில் சந்தேகம் வேண்டாம். மகள் படுத்திருந்தாள். மருமகனின் தங்கை, எட்டு மாதக் கர்ப்பிணி, அண்ணியைப் பார்க்க வந்து ஒரு வாரம் தங்கியிருந்தாள். வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள். கலகலவென்று பேசுகிற பெண். "வாங்க மாமா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டே போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்னிய வீட்டுப் பெண் முன்னால் இதை எப்படிச் சொல்வது? மருமகன் காதுக்குப் போகும், சம்பந்தி காதுக்குப் போகும். மென்று விழுங்கினார். டீயைக் குடித்துவிட்டு, சாதாரணமாகக் கேட்பது போல், "அந்தப் பொடி டப்பா இருக்காம்மா?" என்றார்.

"எங்கேயோ வெச்சேன்பா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. பழசாயிருக்கும். கெடச்சா தூக்கிப் போட்டுடு."

"ம்" என்றாள் மகள், கண்ணை மூடிக்கொண்டே. தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவர் சமையலறை அலமாரியைத் துழாவினார். டப்பா இல்லை. அப்பாடா என்று இருந்தது. டப்பாவே இல்லை என்றால் இனி ஆபத்தும் இல்லை. ஆபத்தே இல்லை என்றால் சொல்ல வேண்டிய அவசரமும் இல்லை. மனுஷ மூளை தனக்கு வேண்டியதை எவ்வளவு சுளுவாகச் சுற்றி வளைத்துக் கொண்டுவந்து சேர்க்கிறது, பாருங்கள்.

அதற்கப்புறம் நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. பெரிய டாக்டரின் அறை வாசல் வரை இரண்டு தடவை போய், வரிசையில் உட்கார்ந்து, தன் முறை வரும்போது எழுந்து வந்துவிட்டார். சொன்னால் மட்டும் சுருங்கிப்போனது விரியவா போகிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டார். விரியாதுதான். அந்தப் பதில் அவருக்கு வசதியாக இருந்தது, அதோடு யோசிப்பதை நிறுத்திக்கொண்டார். மகளுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கிற தெம்பே அப்பா மேல் வைத்த நம்பிக்கைதான், அதையும் பிடுங்கலாமா என்றும் நினைத்தார். உண்மையைச் சொன்னால் அவருக்குப் பயம். பேத்தி 'தாத்தா' என்று ஓடி வருவது நின்றுவிடும் என்ற பயம். அதற்கு மேல் பூசி மெழுக ஒன்றுமில்லை.

நாலு மாதம் கழிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், இயந்திரங்கள் வரிசையாக ஓடுகிற நீளமான அறையில், மகளின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் இடது கையிலிருந்து இரண்டு குழாய்கள் சிவப்பாகப் போய்வந்துகொண்டிருந்தன. செவிலி வந்து அளவு பார்த்துவிட்டு நகர்ந்தாள். அன்றைக்கு மகள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள்.

"அப்பா, மறந்தே போயிட்டேன். அந்தப் பொடி இன்னும் கொஞ்சம் அரைச்சுக் குடுப்பீங்களா?"

"எந்தப் பொடி?"

"அதான்பா, எனக்குக் குழந்தை பொறந்தப்போ குடுத்தீங்களே. நாத்தனாருக்கு வேணுமாம். புள்ள பொறந்ததுலேர்ந்து அவளுக்கும் அதே மாதிரி அடிவயித்து வலி. பீரோல துணிக்கு நடுவுல டப்பா இருந்துது. இவர்ட்ட குடுத்தனுப்பினேன். தெனமும் காலைல சாப்பிடுறா. ரொம்ப நல்லாக் கேக்குதாம். தீரப்போகுதுன்னு நேத்து போன்ல சொன்னா."

"நான்தான் தூக்கிப் போடச் சொன்னேனே!"

"பழசாயிருக்கும்னு சொன்னீங்க. மூடியத் தொறந்து பாத்தேன், அப்படியேதான் இருந்துது. எதுக்கு வீணாக்கணும்னு..." அவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "என்னப்பா? ஏன் இப்படி வேர்க்குது?"

"நிறுத்தச் சொல்லு. இப்பவே போன் பண்ணி நிறுத்தச் சொல்லு."

"ஏன்?"

முப்பத்து நாலு வருஷத்தில் எத்தனை ஆயிரம் பேருடைய வார்த்தைகளைக் கோணாமல் ஒட்டியிருப்பார். தன்னுடைய ஒரு வாக்கியத்தை நேராக எடுத்து வைக்க வரவில்லை.

"அது விஷம்மா. கிட்னியச் சுருக்கிடும். உனக்கு... உனக்கு ஆனது அதாலதான்."

இயந்திரம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மகள் அழவில்லை, கத்தவில்லை. வலது கையால் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். அந்தப் பக்கம் எடுத்த குரல் இவர் காதுக்கே கேட்டது. பின்னால் குழந்தை சிணுங்குகிற சத்தமும் கேட்டது.

"நான்தான். நல்லா இருக்கேன். இங்க பாரு, அந்தப் பொடிய இனிமே தொடாத. ஆமா, ஒரு சிட்டிகைகூட. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி கிட்னிக்கு ரத்தம் குடுத்துப் பாரு. நாளைக்கு இல்ல, இன்னிக்கே. ஏன்னு அப்பா சொல்லுவாரு."

போனை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கத் தயங்கினார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

"மாமா? என்ன மாமா, அண்ணி பயமுறுத்துறாங்க? மருந்து நல்லாத்தானே கேக்குது" என்றது அந்தக் கலகலப்பான குரல்.

அவர் சொன்னார். வேரின் பெயரைச் சொன்னார், அது என்ன செய்யும் என்று சொன்னார், தன் மகளுக்கு என்ன செய்தது என்று சொன்னார், அதைக் கொடுத்தது தான்தான் என்று சொன்னார். கடைசியில் அவள், "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மாமா?" என்று கேட்டாள், சின்னக் குழந்தை கேட்கிற மாதிரி. "ரத்தம் பாரும்மா" என்றார். போன் துண்டிக்கப்பட்டது.

"எனக்குக் குடுத்தீங்களே, அதப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்றாள் மகள், மெதுவாக. "நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தீங்க. அம்மா மாதிரி நானும் போயிடக் கூடாதுன்னு குடுத்தீங்க. எனக்குத் தெரியாதா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு கணம், எல்லாம் இதோடு தீர்ந்துவிட்டது என்றுகூட நினைத்தார்.

"எப்பப்பா தெரிஞ்சுது உங்களுக்கு?"

அவர் அவள் தலையணையைச் சரிசெய்யக் கை நீட்டினார்.

"சொல்லுங்க. எப்ப தெரிஞ்சுது?"

"நாலு மாசம் இருக்கும்."

அவள் உதட்டுக்குள்ளேயே கணக்குப் போட்டாள். நாத்தனாரின் குழந்தைக்கு இன்றோடு மூன்று மாதம்.

"டப்பா இருக்கான்னு கேட்டு வந்தீங்களே, அன்னிக்கா?"

"ஆமா."

"அவ அங்கதானேப்பா இருந்தா. வயித்துல புள்ளையோட. உங்களுக்கு டீ போட்டுக் குடுத்தாளே."

கோந்துக்காரர் அவள் காலைத் தொடுகிற மாதிரி கட்டில் விளிம்பில் கையை வைத்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாள். இயந்திரத்தில் இன்னும் இரண்டரை மணி நேரம் பாக்கி இருந்தது. கையில் ஊசி இருந்ததால் அவளால் புரண்டு படுக்க முடியவில்லை; முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.